மூன்றாவது தூத்தோ

எங்கள் ஊரில் குழந்தைகளுக்கு, பெற்றவர்களைத் தவிர வளர்ந்த ஆள் யாராக இருந்தாலும் மாமா, இல்லையென்றால் அத்தை. பக்கத்து வீட்டுக்காரன் மாமா. பாலர் பள்ளியில் பாட்டுச் சொல்லிக்கொடுப்பவள் அத்தை. ஊசி போடுகிற டாக்டர் மாமா, கடற்கரையில் முட்டை ரொட்டி விற்கிறவன் மாமா. பள்ளி வேன் ஓட்டுகிறவனுக்கோ அது பேரோடு ஒட்டிக்கொண்ட பட்டம். வேனின் பின்கண்ணாடியில் எழுதியே வைத்திருப்பான். நான் வெளியேறி வந்த வீட்டில் இப்போது குடியிருக்கிற உலீசெஸ் பள்ளி வேன் ஓட்டுகிறவன்.

அவன் அங்கே வந்தபோது, என் பிள்ளையைப் பெற்ற யாஸ்னாவிடம் நான் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டேன். "புள்ள அவனை அப்பான்னு கூப்பிடக் கூடாது. மாமா, அவ்வளவுதான்." யாஸ்னா சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். அப்பா என்கிற வார்த்தையை யாருக்கும் கொடுக்காமல் மூன்று வருஷம் பத்திரமாக வைத்திருந்தாள். அதை வாங்கிக்கொள்ளத்தான் நான் போகவில்லை.

போக முடியாதவன் இல்லை நான். வடக்கே மலைமேல் செம்புச் சுரங்கத்தில் வேலை. பதினாலு நாள் மேலே வேலை, பதினாலு நாள் கீழே ஊரில் லீவு. கீழே இறங்கும் பதினாலில் நாலு நாள் தூக்கத்தில் போகும், நாலு நாள் குடியில் போகும், மிச்ச நாளில் இன்றைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று ஒரு மனக்கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். அதற்குள் மறுபடி பஸ் வந்துவிடும். ஆனால் மேலே இருக்கும்போது ஒரு நாள் தவறாமல் சாயங்காலம் ஏழு மணிக்கு என் மகள் ராயெனுக்கு போன் போட்டுவிடுவேன். சிக்னல் மோசம்; பாதி நாள் என் முகம் தெரியாது, குரல் மட்டும் போகும். முகம் தெரிகிற நாளில் வழித்த மோவாயும் தலையில் ஹெல்மெட்டுமாக இருப்பேன். தூசி முகமூடி சரியாக உட்கார வேண்டும் என்று மேலே தாடி வைக்க விடமாட்டார்கள். கீழே இறங்கினால் வழிக்க மாட்டேன். இப்படி ராயெனுக்கு மூன்றரை வயது ஆகிவிட்டது.

கோர்ட்டு வைத்த மத்தியஸ்த அம்மா, பகலில் கூட்டிப்போகலாம், இரவு தங்கவைப்பது தாயின் சம்மதம் என்று எழுதிக் கொடுத்திருந்தாள். இந்தக் கோடையில், பிப்ரவரியில்தான், யாஸ்னா சம்மதித்தாள். "ஒரு ராத்திரி பாப்போம். நல்லபடியா போச்சுன்னா நீ இறங்கி வர்ற தடவையெல்லாம் கூட்டிட்டுப் போ. அழுதுட்டே திரும்பி வந்தாள்னா மறுபடி எங்கிட்ட கேக்காதே." ஒரு ராத்திரி. அதற்காக என் அக்கா எதெல்மிராவையும் மச்சான் செகுண்டோவையும் கூட்டு சேர்த்தேன். புகலேமு கடற்கரை, பைன் மரத்தடியில் இரண்டு கூடாரம், கரியடுப்பு, தர்ப்பூசணி. குடும்பமாகப் போவதுபோல் இருந்தால் பிள்ளைக்குப் பயம் இருக்காது என்று அக்காதான் யோசனை சொன்னாள்.

சனிக்கிழமை காலையில் ரங்காகுவாவில் அந்த வீட்டு வாசலில் போய் நின்றேன். யாஸ்னா பிள்ளையை முன்னால் தள்ளி, "பாரு, யாரு வந்திருக்கா? அப்பா!" என்றாள். ராயென் திரும்பி யாஸ்னாவின் கையில் இருந்த போனைப் பார்த்தாள். அதில் ஒன்றும் இல்லை என்றதும் என்னை நிமிர்ந்து பார்த்து, மரியாதையாக, "வணக்கம் மாமா" என்றாள்.

"பழக்கமில்ல, அதான்" என்றாள் யாஸ்னா. குத்திக் காட்டுகிற குரலில்கூடச் சொல்லவில்லை. அது இன்னும் சுள்ளென்று இருந்தது.

பிறகு பச்சைப் பையைத் தூக்கிக் கொடுத்துக்கொண்டே ஒப்பிக்கத் தொடங்கினாள். தொப்பி இருக்கிறது, பால் டம்ளரில் குடிப்பாள், தண்ணீருக்குள் தனியாக விடாதே. "அப்புறம் எட்டு மணிக்குத் தூத்தோ. தூத்தோ இல்லேன்னா நீ தொலைஞ்சே, ராத்திரி முழுக்க ஊரைக் கூட்டிடுவா. அது வந்து—"

"யாஸ்னா, புள்ளைய தூங்க வைக்க நான் உங்கிட்ட டியூஷன் வரணுமா?"

"இல்லப்பா, சொல்றதைக் கேளு—"

"எனக்கு எல்லாம் தெரியும்."

அவள் வாயை மூடிக்கொண்டாள். உலீசெஸ் தன் வேனிலிருந்து குழந்தை இருக்கையைக் கழற்றி என் வண்டியில் மாட்டிக்கொண்டிருந்தான். "அண்ணே, இந்தப் பட்டை கொஞ்சம் மக்கர் பண்ணும், ரெண்டு தடவை அமுக்கணும்" என்றான். "நகரு" என்றேன். அவன் நகர்ந்தான்.

தூத்தோ என்றால் எங்கள் பேச்சில் மூன்று உண்டு. கோழித் தொடைக்குத் தூத்தோ என்போம். குழந்தைகள் தூங்குவதும் தூத்தோதான். மூன்றாவது, சில குழந்தைகள் மூக்கில் உரசிக்கொண்டே தூங்குவதற்கென்று வைத்திருக்கிற பழந்துணி. மூன்றும் எனக்குத் தெரிந்ததுதான். என் பிள்ளைக்கு மூன்றாவது ஒன்று இருந்தது என்பது எனக்குத் தெரியாது. வாசலில் அவள் சொல்ல வந்ததும் அதுதான்.

பகல் நன்றாகவே போனது. இன்றைக்கும் அதை இல்லை என்று சொல்ல மாட்டேன். தண்ணீர் ஐஸ் மாதிரி இருந்தது. ராயென் அலை வரும்போதெல்லாம் கத்திக்கொண்டு ஓடி வந்தாள், அலை போனதும் திட்டிக்கொண்டே துரத்திப் போனாள். என் தோளில் ஏறினாள். காதைப் பிடித்துக்கொண்டு "மாமா, இந்தப் பக்கம், மாமா, அந்தப் பக்கம்" என்று வண்டி ஓட்டினாள். தர்ப்பூசணியில் வறுத்த மாவைத் தூவிக் கொடுத்ததும் மூக்கெல்லாம் மாவாக நின்று சிரித்தாள். வெள்ளைக் கோட்டு போட்ட ரொட்டிக்காரன் வந்தபோது, "மாமா, எனக்கு ஒண்ணு, இந்த மாமாவுக்கு ஒண்ணு" என்று என்னைக் காட்டினாள். ரொட்டிக்காரனும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இரண்டு பேருக்கும் ஒரே பதவி.

"அப்பான்னு சொல்லு கண்ணு" என்று அக்கா ஒரு தரம் சொல்லிக் கொடுத்தாள்.

"அப்பா போன்ல இருக்காரு அத்தை" என்றாள் ராயென், பெரியவர்களுக்கு இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி. செகுண்டோ வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் போனான். சிரிக்கத்தான் போனான் என்று எனக்குத் தெரியும்.

ஆறு மணிக்கு அவன் அடுப்பைப் பற்றவைத்தான். அக்கா ராயெனைக் குளிப்பாட்டக் குழாயடிக்குக் கூட்டிப் போயிருந்தாள். மாற்றுத்துணி எடுக்கப் பச்சைப் பையைத் திறந்தேன். அதன் பக்கத்துப் பாக்கெட்டில் ஒரு கந்தல் இருந்தது. சோளரொட்டி அளவு இருக்கும். வெளுத்துப் போய், ஒரு காலத்தில் கட்டம் போட்டிருந்த அடையாளம் மட்டும் மிச்சம். ஓரத்தில் ஒரு பித்தான். ஆண்பிள்ளைச் சட்டையின் கை மடிப்பு. புளித்த பால் வாடை அடித்தது. என் பிள்ளையின் உடுப்புகளுக்கு நடுவில் அந்த வேன்காரனின் சட்டைக் கந்தல் ஏன் என்றுதான் எனக்குத் தோன்றியது. வேறு எதுவும் தோன்றவில்லை. என் புத்தி போகிற பாதை அவ்வளவுதான்.

"மச்சான், கம்பி சுடுது, ஒரு துணி கொடு" என்று செகுண்டோ கூப்பிட்டான்.

கொடுத்தேன். கம்பித் தட்டைப் பிடித்து நகர்த்தும்போது அதன் முனையில் தீப்பற்றியது. அவன் உதறினான், அது கரிக்குள் விழுந்தது. "ஐயோ, உபயோகமான துணியா?" என்றான். "விட்டுத் தள்ளு" என்றேன். குனிந்து எடுத்திருக்கலாம், எடுக்கிற தூரம்தான். நான் நின்று பார்த்தேன். அது எரிந்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

எட்டு மணிக்கும் வெளிச்சம் போகவில்லை. ராயெனைக் கூடாரத்துக்குள் படுக்க வைத்தேன். "சரி, தூத்தோ" என்றேன்.

"ம், தூத்தோ" என்று கையை நீட்டினாள்.

"கண்ணை மூடு."

"தூத்தோ!"

"அதான் கண்ணு, தூத்தோ பண்ணு."

"தூத்தோ குடு மாமா!"

வெளியிலிருந்து செகுண்டோ, "தூத்தோவா? ரெண்டு மிச்சம் இருக்கு!" என்று ஒரு கோழித் தொடையைத் தட்டில் வைத்து உள்ளே நீட்டினான். அவள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். எங்கள் இரண்டு பேருக்கும் புத்தி சரியில்லை என்று முடிவு கட்டினவள்போல் உதட்டைப் பிதுக்கினாள். பிறகு தொடங்கியது அழுகை.

நான் பாடினேன். எனக்குத் தெரிந்தது சாராயக் கடைப் பாட்டு இரண்டு. வார்த்தைகளை முழுங்கிப் பாடினேன். தூக்கிக்கொண்டு நடந்தேன். வண்டியில் உட்காரவைத்துச் சுற்றி வந்தேன். ஒன்பது, பத்து, பதினொன்று. பக்கத்துக் கூடாரத்துக்காரன் தலையை நீட்டி, "யோவ், புள்ளைய என்னய்யா பண்றே?" என்று கத்தினான். "உன் வேலையைப் பாரு" என்றேன். "உன் புள்ளதானா அது?" என்றான். அடிக்கப் போன என்னை செகுண்டோ இடுப்பைப் பிடித்து இழுத்து வந்தான்.

அக்கா எழுந்து வந்து பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டாள். "கண்ணு, தூத்தோ எங்க இருக்கும்?" என்று கேட்டாள். ராயென் விக்கிக்கொண்டே பச்சைப் பையின் பக்கத்துப் பாக்கெட்டைக் காட்டினாள். அக்கா கையை விட்டுத் துழாவினாள்.

"இங்க ஒரு துணி இருந்துச்சாடா?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. "அதை அடுப்பில..." என்றேன். மிச்சத்தை மெல்லச் சொல்லியிருக்க வேண்டும். அந்த நேரத்தில் எனக்கு வாயடக்கம் எங்கே? "எரிச்சிட்டேன்க்கா. ஏதோ கந்தல்னு நெனச்சேன்."

பிள்ளைக்கு மூன்றரை வயதில் காது நன்றாகவே கேட்கும். ஒரு நொடி மூச்சே விடாமல் என்னைப் பார்த்தாள். அதற்குப் பிறகு அவள் அழுதது வேறு அழுகை. அதுவரை அழுதது வேண்டும் என்று அழுதது. இது இனிமேல் இல்லை என்று அழுதது.

"யாஸ்னாவைக் கூப்பிடுடா" என்றாள் அக்கா.

"மாட்டேன்."

"ரெண்டரை மணி நேரத்துல வந்துடுவா."

"வந்தா எல்லாம் முடிஞ்சுதுக்கா. இனிமே கேக்கவே முடியாது."

"உனக்கு உன் கவலை. இது செத்துப் போயிடும்போல இருக்குடா."

நான் கூப்பிடவில்லை. காலை வரைக்கும் தள்ளிவிட்டால், குழந்தை சமாதானம் ஆகிவிட்டால், துணி அலையில் போய்விட்டது என்று சொல்லிக்கொள்ளலாம் என்று பார்த்தேன். யாருக்காக இந்த ராத்திரியைக் கேட்டு வாங்கினேனோ அவள் தொண்டை கட்டி அழுதுகொண்டிருந்தாள். நான் ராத்திரியைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன்.

ஒரு மணிக்கு மேல் குரல் போய், முனகல்தான் வந்தது. "அப்பாக்கு போன் போடு அத்தை" என்றாள்.

அக்கா என்னைப் பார்த்தாள். "போடா" என்றாள். "வெளியில போய் என் நம்பருக்குக் கூப்பிடு."

நான் வெளியே போனேன். பைன் மரங்களைத் தாண்டி என் வண்டிக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டேன். கூடாரத்துக்கும் எனக்கும் நாற்பது அடி இருக்கும். அங்கிருந்து என் மகளுக்கு போன் போட்டேன்.

"ராயென்? என்னடா தங்கம், இன்னும் தூங்கலியா?"

"அப்பா!" என்றாள். அந்தக் குரலை அன்று பகல் முழுக்க நான் கேட்கவே இல்லை. தோளில் உட்கார்ந்து சிரித்தபோதுகூட அது வரவில்லை. "அப்பா, நான் கடலுக்கு வந்திருக்கேன். இங்க ஒரு மாமா இருக்காரு. அவரு என் தூத்தோவ எரிச்சிட்டாரு."

"தெரியாம செஞ்சிருப்பாருடா."

"இல்ல. நெருப்புல போட்டுட்டாரு. அது உன் சட்டை அப்பா."

"என்னடா சொல்றே?"

"உன் சட்டைதான். அம்மா வெட்டிக் குடுத்தா. அப்பா வாசனைன்னு அம்மா சொன்னா."

சிவப்புக் கட்டம் போட்ட கம்பளிச் சட்டை. வீட்டை விட்டு வந்த அன்று பெட்டியில் இடம் இல்லாமல் கதவுக்குப் பின்னால் மாட்டிவிட்டு வந்தது. மூன்று குளிர்காலம் மேலே போட்டிருந்த சட்டை. அதன் கை மடிப்பு எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவன் சட்டை என்று நினைத்து எரித்தேன், எரிவதைப் பார்த்து மகிழ்ந்தேன்.

"அப்பா? அப்பா, இருக்கியா?"

"இருக்கேன்டா."

"நீ வா. வந்து அந்த மாமாவ அடி."

"சரி."

"நாளைக்கு வா."

அவள் தூங்கினால் போதும் என்று இருந்தது. அந்த நேரத்தில் வாயில் வந்தது அது. "நாளைக்கு வரேன். இப்பத் தூங்கு, சரியா? காலைல வந்துடறேன்."

திரும்பிப் போனேன். அக்காவின் தோளில் சாய்ந்திருந்தவள், நான் குனிந்து உள்ளே நுழைந்ததும் அரைக்கண்ணால் பார்த்தாள். "எங்கப்பா காலைல வராரு" என்றாள். "உன்னை அடிப்பாரு." சொல்லிவிட்டுத் தூங்கிப் போனாள். போகிற போக்கில் கை மட்டும் மூக்கருகே எதையோ தேடித் தேடி அக்காவின் சட்டைப் பித்தானைப் பிடித்துக்கொண்டது. நான் விடியும்வரை அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தேன்.

விடிந்ததும் செகுண்டோவின் பையிலிருந்து சவரக் கத்தியை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனேன். சோப்பு கிடையாது, பச்சைத் தண்ணீர். பத்து நாள் தாடியை வழித்தேன். "மச்சான், உனக்கு என்ன பைத்தியமா?" என்றான் செகுண்டோ. அவன் காரணத்தைக் கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டேன். அவன் கேட்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு தன் தொப்பியைக் கழற்றி என் தலையில் வைத்துவிட்டுப் போனான்.

ராயென் எழுந்து, தானே செருப்பு மாட்டி, பச்சைப் பையை மடியில் வைத்துக்கொண்டு முகாம் வாசலில் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்திருந்தாள். ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அந்த ரோட்டுப் பக்கமிருந்தே நடந்து வந்தேன். அதற்காகச் சுற்றிப் போயிருந்தேன்.

"ராயென், அப்பா வந்துட்டேன்."

அவள் என் முகத்தை வெகு நேரம் பார்த்தாள். நெற்றி, கண், மோவாய் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, என்னவோ பிடிபட்ட மாதிரி புருவத்தைச் சுருக்கினாள். பிறகு விரலை நீட்டிக் காட்டினாள்.

"மாமா, ரத்தம் வருது."

துடைத்துக்கொண்டேன். அவள் மறுபடி ரோட்டைப் பார்க்கத் திரும்பிவிட்டாள். வண்டியில் ஏறு என்றால் ஏறவில்லை. பால் குடி என்றால் குடிக்கவில்லை. "அப்பா வந்து தேடுவாரு" என்றாள். அதற்கு மேல்தான் யாஸ்னாவுக்கு போன் போட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன்; அலையில் போய்விட்டது என்று சொல்லவில்லை. "கிளம்பறோம்" என்றாள்.

இரண்டரை மணி நேரம் அவள் அந்தக் கல்லை விட்டு எழவில்லை. போகிற வருகிற ஒவ்வொரு வண்டிக்கும் கழுத்தை நீட்டினாள். நான் அவளுக்குப் பின்னால் நிழல் விழுகிற மாதிரி நின்றேன். வெயில் படாமல் இருந்தது, அதுமட்டும்தான் என்னால் செய்ய முடிந்தது.

பத்தரைக்கு மஞ்சள் வேன் வந்தது. உலீசெஸ் இறங்கி, என் முகத்தைப் பார்க்காமல் என் வண்டிக்குப் போய் இருக்கையைக் கழற்றினான்; பட்டையை இரண்டு தடவை அமுக்கினான். யாஸ்னா மண்டியிட்டு பிள்ளையைக் கட்டிக்கொண்டாள். நான் பேச வாயைத் திறந்தேன். ராயென் முந்திக்கொண்டாள்.

"அம்மா, அப்பா வரேன்னாரு. வரவே இல்ல."

யாஸ்னா நிமிர்ந்து, வழித்து வெட்டுப்பட்ட என் மோவாயைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்தது. புரிந்துகொண்டேதான் சொன்னாள்.

"அவரு எப்பத்தான் சொன்ன அன்னிக்கு வந்திருக்காரு? வா, வண்டில ஏறு."